பழைய டவர் ஸ்பீக்கரில் பேஸ் வரவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ரிச்சி தெருவிலோ, இணையத்தில் விளம்பரம் பார்த்தோ, வீடு காலி செய்யும் நண்பரிடமோ ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் வாங்கி வந்தவர்கள் முதல் வாரத்தில் கேட்பது அநேகமாக ஒரே விஷயம்: பேஸ், அதாவது கனமான தாழ்ந்த ஒலி, பத்தவில்லை. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். காசு செலவில்லாத வழிகள் மேலே, பர்ஸைத் திறக்க வைப்பவை கீழே.

செகண்ட் ஹேண்ட்ல டவர் ஸ்பீக்கர் வாங்கினேன் சார். இடுப்பு உயரம் இருக்கு, பேஸ் மட்டும் காணோம். எதுல ஆரம்பிக்கிறது?

ஸ்பீக்கரைத் திட்டும் முன் அதற்கு வெளியே இருப்பதைப் பாருங்கள். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒயர் மாறியது, ரிசீவரில் ஒரு செட்டிங், ஸ்பீக்கர் நிற்கும் இடம், கேட்பவர் உட்காரும் இடம் என்று நாலுக்குள் முடிந்துவிடும். முதலில் ஒயரும் செட்டிங்கும், அடுத்து வூஃபரின் (பெட்டிக்குள் பேஸ் வாசிக்கும் பெரிய ஸ்பீக்கர்) உடல்நிலை, அப்புறம் இடம். இந்த மூன்றையும் பார்க்காமல் புது ஆம்ப், புது கேபிள் என்று போகாதீர்கள்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ளலாம். ஆறரை அங்குல வூஃபர் இரண்டு உள்ள டவர் பொதுவாக 40 ஹெர்ட்ஸ் அருகே வரை இறங்கும்; எண் குறையக் குறைய ஒலி தாழும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். ஆகவே திரைப்பாட்டுக்கு வேண்டிய பேஸ் ஏறக்குறைய முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் காதுக்கு வந்து சேராமல் வழியில் எங்கே தொலைகிறது என்பதைத்தான் தேட வேண்டும். படத்தில் கட்டடம் இடிந்து விழும்போது தரை அதிர வேண்டும் என்றால் அது வேறு கதை. அடிமட்ட பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபர் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

ப்ளஸ் மைனஸ் மாறினா என்ன ஆகும்? ரெண்டுலயும்தான் பாட்டு கேக்குதே?

கேட்கும். பேஸ் மட்டும் காணாமல் போகும். ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னும் பின்னும் ஆடும் கூம்பு, காற்றை முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றது பின்னே இழுக்கும். ஒன்று எழுப்பும் அழுத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கெங்கோ பரவி, தலைக்குள் ஒலிப்பதுபோல் இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஒரு பக்கம் மாறியிருக்கிறது.

சோதிப்பது எளிது. இரண்டு ஸ்பீக்கரையும் முகத்துக்கு முகம், ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துங்கள். பழைய மோனோ பாட்டு (இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருவது) ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள். ஆம்ப்பை அணைத்து, ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒயரை மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். எந்த முறையில் பேஸ் கனமாக வருகிறதோ அதுதான் சரியான இணைப்பு.

ரிப்பேர் கண்ட ஸ்பீக்கர் என்றால் உள்ளேயே மாற்றிப் பற்றவைத்திருக்க வாய்ப்புண்டு. ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியின் ப்ளஸ் முனையைச் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபர் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் வூஃபர்கள் பலவற்றில் இது தலைகீழ், கோன் உள்ளே போகும், பயப்பட வேண்டாம். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே பெட்டியில் உள்ள இரண்டு வூஃபர்களில் ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால், அந்தப் பெட்டியைத் திறந்து ஒன்றின் ஒயரை மாற்றியே ஆக வேண்டும்.

பின்னாடி நாலு டெர்மினல் இருக்கு. ரெண்டுல மட்டும் ஒயர் கொடுத்திருக்கேன், போதுமா?

மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சேர்க்கும் பித்தளைத் தகடு இருக்கிறதா பாருங்கள். இது கைமாறும்போது தொலைந்துபோகும் முதல் பொருள். தகடு இல்லாமல் மேல் ஜோடியில் மட்டும் ஒயர் கொடுத்தால் மேல்சுருதி வாசிக்கும் ட்வீட்டர் மட்டும், அல்லது ட்வீட்டரும் நடுச்சுருதி வாசிக்கும் மிட்ரேஞ்சும் மட்டும் பாடும். வூஃபருக்கு ஒன்றுமே போகாது. தகட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஸ்பீக்கர் ஒயரிலேயே இரண்டு சிறு துண்டு வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் கருப்பைக் கருப்போடும் சேர்த்தால் வேலை முடிந்தது.

தகடு இருந்தாலும் கழற்றி ஒருமுறை துடையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். உப்புக் காற்றில் பித்தளை பச்சை பூத்துக்கிடக்கும்.

ஹோம் தியேட்டர் ரிசீவர்ல மாட்டியிருக்கேன் ப்ரோ. அதே ஸ்பீக்கர் நண்பன் வீட்டு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ல நல்லா அதிருது. என் ரிசீவர் மட்டமா?

ரிசீவர் மட்டம் இல்லை; சப்வூஃபர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் செட்டிங்கில் முன் ஸ்பீக்கர்கள் ‘ஸ்மால்’ என்றும் சப்வூஃபர் ‘யெஸ்’ என்றும் இருந்தால், வழக்கமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அத்தனையையும் ரிசீவர் பிரித்தெடுத்து, சப்வூஃபர் ஒயர் மாட்டும் பின்னுக்கு (சாக்கெட்) அனுப்பிவிடும். அந்தப் பின்னில் எதுவும் மாட்டவில்லை என்றால் பேஸ் அங்கேயே செத்துவிடும். சப்வூஃபரை ‘நோ’ ஆக்கி, முன் ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ ஆக்குங்கள். ரிசீவரையும் பழையதாக வாங்கியிருந்தால் முந்தைய சொந்தக்காரரின் செட்டிங் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வூஃபர் நல்லா இருக்கான்னு மெக்கானிக் இல்லாம எப்படிப் பாக்குறது?

முன்பக்க வலையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கோனைச் சுற்றி வளையமாக இருக்கும் சரவுண்ட் ரப்பரா, ஃபோமா? ரப்பர் என்றால் பெரும்பாலும் பல வருஷம் தாங்கும். ஃபோம் என்றால் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுப்பாகவோ மாவாகவோ ஒட்டிக்கொண்டால் அதன் ஆயுள் முடிந்தது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

அப்புறம் இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர் பக்கத்தில் பரப்பி வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். ‘சர்ர்’ என்று உரசினால், கோனை ஆட்டும் கம்பிச் சுருளான ‘காயில்’ காந்தத்தில் உரசுகிறது. போர்ட் (பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாய்த் துளை) இல்லாத, முழுதாக மூடிய பெட்டி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு: அழுத்தி விட்டதும் கோன் சற்றுத் தயங்கித் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. சட்டென்று திரும்பினால் எங்கோ கசிவு. டெர்மினல் தட்டு, வூஃபரின் விளிம்பு, வெடித்த மூலை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். விளிம்புக்குக் கதவு இடுக்கில் ஒட்டும் மெல்லிய ஃபோம் டேப் போதும், மூலைக்கு எம்-சீல்.

மல்டிமீட்டர் இருந்தால் பெட்டியைத் திறந்து, வூஃபரின் ஒயரைக் கழற்றிவிட்டு அதன் காயிலை அளந்து பாருங்கள். 8 ஓம் வூஃபர் ஏறத்தாழ 5.5 முதல் 7 ஓம் காட்டும், 4 ஓம் வூஃபர் 3 முதல் 3.5. முள் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது.

பின்னால் போர்ட் உள்ள பெட்டியா? அதற்குள்ளும் டார்ச் அடியுங்கள். குளவி மண்கூடு கட்டி போர்ட்டைப் பாதி அடைத்திருந்த பெட்டிகள் நம் ஊரில் அபூர்வம் இல்லை. பல்லி முட்டை, கரப்பான், குழந்தைகள் போட்ட கோலிக்குண்டு, எல்லாமே கிடைக்கும்.

ஃபோம் தொட்டா மாவா உதிருது. தூக்கிப் போட்டுடவா?

வேண்டவே வேண்டாம். விலை பேசும்போது இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. எழுபது முதல் தொண்ணூறு வரையான காலத்தில் ஜேபிஎல், இன்ஃபினிட்டி, செர்வின்-வேகா என்று நிறைய பேர் பாலியூரிதேன் ஃபோம் போட்டார்கள். காற்றின் ஈரம் அந்த ஃபோமை உள்ளிருந்தே அரிக்கும். வாசித்தாலும் வாசிக்காமல் மூடி வைத்தாலும் பதினைந்து இருபது வருஷத்தில் உதிர்ந்துவிடும். காயிலும் காந்தமும் அப்படியே நன்றாக இருக்கும். கிழிந்த ஃபோமோடு சத்தமாக வாசித்தால்தான் கோன் ஒரு பக்கம் சாய்ந்து காயிலும் போகும். ஆகவே தெரிந்த நாளிலிருந்து வாசிப்பதை நிறுத்துங்கள்.

புது சரவுண்ட் தனியாக விற்கிறது. அங்குலக் கணக்கு மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கூடையின் (வூஃபரின் உலோகச் சட்டம்) உள்விட்டம், கோனின் வெளிவிட்டம், வளைவின் அகலம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து வாங்க வேண்டும். பழைய ஃபோமையும் பசையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பொறுமையாகச் சுரண்டி எடுப்பதில்தான் பாதி நேரம் போகும். முதலில் கோனோடு சேரும் ஓரத்தை ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள், பிறகு கூடையோடு சேரும் ஓரம். உலர நேரமெடுக்கும் வெள்ளைப் பசைதான் நல்லது, நகர்த்திச் சரிசெய்யலாம். ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள். கல்லாக இறுகி, அசையும் இடத்தில் வெடிக்கும்.

கூடையில் ஒட்டும்போது கோன் நட்டநடுவில் நிற்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி: போனில் டோன் ஜெனரேட்டர் செயலி போட்டு, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த வால்யூமில் வூஃபருக்குக் கொடுங்கள். கோன் கண்ணுக்குத் தெரிய மெதுவாக ஆடும். உரசல் கேட்டால் சரவுண்டை ஒரு மயிரிழை நகர்த்துங்கள். உரசல் முழுதும் அடங்கும் இடத்தில் துணி கிளிப்புகளால் சுற்றிலும் பிடித்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து மாற்றுவது முக்கியம்.

மைக் செட் ரிப்பேர் பண்றவர் பேப்பர், காயில் எல்லாத்தையும் மாத்திடலாம்னு சொல்றார். கொடுக்கலாமா?

காயில் எரிந்திருந்தால் ஒழிய வேண்டாம். அவர்கள் கைத்திறனில் குறையில்லை. ஆனால் அவர்களிடம் இருக்கும் பேப்பரும் (கோன்) ஸ்பைடரும் (காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் வளையம்) கல்யாண வீட்டில் சத்தமாகக் கத்துவதற்காகச் செய்தவை, விறைப்பானவை. வீட்டு வூஃபரில் அதைப் போட்டால் சத்தம் ஏறும், ஆழம் போய்விடும். சரவுண்ட் மட்டும் போதும் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

சுவர்ல ஒட்டி வைக்கணுமா, தள்ளி வைக்கணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் உண்மை, அதனால்தான் குழப்பம். சுவருக்கு அருகே கொண்டுபோனால் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி முன்னால் போகும் ஒலியோடு சேரும். ஒரு சுவருக்கு 6 டெசிபல் வரை கூடலாம். மூலையில் வைத்தால் இரண்டு சுவரின் பலன். ஆம்ப்பின் சக்தியை நாலு மடங்காக்கினால் கிடைப்பதுதான் அந்த 6 டெசிபல். இங்கே காசில்லாமல் கிடைக்கிறது.

சிக்கல் நடுத்தர தூரத்தில் இருக்கிறது. வூஃபரிலிருந்து சுவர் 1 மீட்டர் என்றால், 86 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குப் போய்த் திரும்பும்போது அரை அலை பிந்தி வந்து நேர் ஒலியோடு மோதிக் குறைக்கும். மத்தளமும் டிரம்ஸும் உடம்பில் இடிக்கும் இடம் அதுதான். அதே தூரம் 30 சென்டிமீட்டர் ஆனால் பள்ளம் 285 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிப்போகும், பேஸுக்குச் சேதமில்லை. நம் வீடுகளில் ‘கொஞ்சம் தள்ளி வைத்தால் சுத்தமாகக் கேட்கும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்றடி இழுத்து வைத்துவிட்டு, பேஸ் போச்சே என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். பெட்டியின் பின்புறம் சுவரிலிருந்து நாலு விரல்கடை, பிறகு ஒரு சாண், பிறகு ஒரு முழம் என்று நகர்த்தி, ஒரே பாட்டின் அதே பத்து விநாடியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பின்னால் போர்ட் இருந்தால் அதன் விட்டத்தின் அளவுக்காவது இடைவெளி விடுங்கள்.

மூலையில் வைத்துப் பேஸ் குமுறி, குரல் சகதியாகிவிட்டால் பக்கச் சுவரிலிருந்து மட்டும் நகர்த்துங்கள். பின்சுவர், பக்கச்சுவர் இரண்டிலிருந்தும் ஒரே தூரத்தில் வைக்காதீர்கள். இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும்.

நான் உக்கார்ற சோபாவுல பேஸே இல்லை. கதவுகிட்ட போய் நின்னா குமுறுது. ஏன் சார் இப்படி?

அறை பேசுகிறது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் ஒலியின் பாதி அலை சுவருக்குச் சுவர் அச்சாகப் பொருந்தும். அந்தச் சுருதி சுவரோரம் வீங்கி, நடுவில் அடங்கிப்போகும். 10 அடிக்கு அது 56 ஹெர்ட்ஸ். நம் வீடுகளில் 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரக் கூரை என்பது சகஜம். அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் 56 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகக் குமுறும். பத்துக்குப் பத்து அறை இன்னும் மோசம். மேல்நாட்டு மர வீடுகளில் பலகைச் சுவர் கொஞ்சம் வளைந்து பேஸை விழுங்கிவிடும். செங்கல், கான்கிரீட் சுவர் எதையும் விழுங்காது, அப்படியே திருப்பியடிக்கும். அங்கே எழுதிய இடம்-வைப்பு ஆலோசனைகள் இங்கே பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அறையின் நட்டநடுவில் உட்காராதீர்கள். பின்சுவரில் தலை ஒட்டவும் வேண்டாம். ஒரு சுவரிலிருந்து நீளத்தின் 38 சதவீதத்தில் காது இருப்பது நல்ல தொடக்கம். 12 அடி அறைக்கு அது நாலரை அடி. அங்கிருந்து நாற்காலியை அரை அடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். சோபாவை நகர்த்தவே முடியாது, வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றால் ஸ்பீக்கரை நீளச் சுவரிலிருந்து குட்டைச் சுவருக்கு மாற்றிப் பாருங்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றத்தோடு கதை முடிந்திருக்கிறது.

கூடவே, கேட்கும்போது பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் இவற்றின் மேல் கை வைத்துப் பாருங்கள். அதிரும் தகரத்தின் சத்தத்தை நாம் ‘பேஸ் சரியில்லை’ என்று கணக்கெழுதிக்கொள்கிறோம்.

முட்டை அட்டை ஒட்டினா, திரை போட்டா பேஸ் சீராகுமா?

ஆகாது. 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். அதன் முன்னால் முட்டை அட்டையும் திரைச்சீலையும் ஒன்றுமே இல்லை. மேல்சுருதியை மட்டும் கொஞ்சம் மழுக்கும், சில சமயம் அறை முன்பைவிட மந்தமாகத் தெரியும். பேஸை விழுங்க வேண்டுமானால் ராக்வூல் பலகையை ஓர் அடி கனத்துக்காவது மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கித் துணி போர்த்த வேண்டும். இடமிருந்தால் செய்யுங்கள், பலன் உண்டு. இல்லாவிட்டால் முந்தைய பதிலில் சொன்ன நாற்காலி வைத்தியமே போதும்.

கடப்பா கல் மேல வைக்கச் சொல்றாங்க. ஸ்பைக் போடலாமா?

டைல்ஸ் தரையில் ஸ்பீக்கர் ஆடாமல் நின்றால் போதும். ஆடினால் கல் வைக்கலாம், ஸ்பைக் (கூர்முனைக் கால்) போட்டு அடியில் நாணயம் வைக்கலாம். புதிதாகப் பேஸ் எதுவும் இதிலிருந்து பிறக்காது.

ஒயர் ஒல்லியா இருக்கு. தடியா மாத்தினா பேஸ் ஏறுமா?

கொஞ்சம். 5 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் போக வர 10 மீட்டருக்கு 0.34 ஓம் தடை; 4 ஓம் ஸ்பீக்கருக்கு இது கவனிக்க வேண்டிய அளவு. 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.07 ஓம்தான். எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் வீட்டு வயரிங் செம்பு ஒயரே 2.5ல் வாங்குங்கள், சிவப்பு ஒன்று கருப்பு ஒன்று. அதற்கு மேல் செலவழிப்பது கண்ணுக்கு அழகு. செம்புப் பூச்சு பூசிய அலுமினிய ஒயரை மட்டும் செம்பு என்று ஏமாந்து வாங்கிவிடாதீர்கள்.

என் ஆம்ப் 30 வாட்ஸ்தான். பேஸுக்கு அது பத்தலையோ?

சாதாரண அறைக்கு 30 வாட்ஸ் ஏராளம். சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆம்ப் மாற்றும் முன் யோசியுங்கள்: சத்தமாக வைத்தால் பேஸ் சரியாக இருந்து, இரவில் மெதுவாக வைக்கும்போது மட்டும் குறைகிறதா? அப்படியென்றால் குறை காதில் இருக்கிறது. மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த சுருதிகளை மனிதக் காது குறைவாகவே உணரும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ல் இதை அளந்து வரைபடமாகவே போட்டார்கள். பழைய ஆம்ப்களில் ‘லவுட்னஸ்’ பட்டன் இருப்பது இதற்காகத்தான். இரவில் அதை அழுத்திக் கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

அப்போ பேஸ் நாப்பை முழுசா திருப்பிட்டா வேலை முடிஞ்சுதே?

கால்வாசி திருப்பலாம், தப்பில்லை. முழுக்கத் திருப்பினால் 10 டெசிபல் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருதிக்கு ஆம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 30 வாட்ஸ் ஆம்ப் அங்கே மூச்சுத் திணறி அலையின் தலையை வெட்டும். அந்த வெட்டுதான் ட்வீட்டரை எரிக்கும். பேஸ் கூட்டப் போய் ட்வீட்டரைப் பறிகொடுக்கும் கதை இதுதான்.

போர்ட் உள்ள பெட்டிக்கு இன்னொரு ஆபத்து. சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் எழும்புமே, போர்ட்டும் அப்படித்தான். தனக்கென ஒரு சுருதியில் காற்றை அதிரவைத்து வூஃபருக்குத் துணை நிற்கும். அந்தச் சுருதிக்குக் கீழே போனால் துணை போய்விடும், கோன் பிடிமானமில்லாமல் ஆடும். டோன் ஜெனரேட்டரை 80லிருந்து கீழே இறக்கிக்கொண்டே கோனைப் பாருங்கள். ஓரிடத்தில் ஆட்டம் ஏறக்குறைய நின்று, போர்ட்டில் கை வைத்தால் காற்று வேகமாக அடிக்கும். அதுதான் உங்கள் பெட்டியின் சுருதி. அதற்குக் கீழே எதையும் கூட்டாதீர்கள்.

போர்ட்ல சாக்ஸ் அடைக்கச் சொல்றாங்க, பெட்டிக்குள்ள பஞ்சு போடச் சொல்றாங்க. எது சரி?

போர்ட்டை அடைத்தால் பேஸ் குறையும். சுவரோரம் வைத்தே ஆக வேண்டிய வீட்டில் குமுறலை அடக்க அது நல்ல தந்திரம். மூலையில் நிற்கும் ஸ்பீக்கருக்கு ஒற்றை சாக்ஸ் அற்புதமாக வேலை செய்யும். பேஸ் பத்தாத வீட்டில் அதைச் செய்வதில் அர்த்தமில்லை.

பஞ்சு விஷயத்தில் பெட்டி எந்த வகை என்று பாருங்கள். மூடிய பெட்டியில் தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால், உள்ளே இருக்கும் காற்று சற்றுப் பெரிய பெட்டியில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும், பேஸ் கொஞ்சம் ஆழமாகும். எட்கர் வில்சர் 1954ல் ஏஆர்-1 என்ற மூடிய பெட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்ததிலிருந்து மூடிய பெட்டிக்காரர்கள் பஞ்சைக் கைவிட்டதில்லை. போர்ட் பெட்டியில் சுவரோரம் மட்டும் மெல்லப் போடலாம். போர்ட்டுக்கும் வூஃபருக்கும் நடுவே திணித்தால் போர்ட் மூச்சுவிடாது. இலவம்பஞ்சு வேண்டாம், இழை பறந்து காயில் இடுக்கில் போய் உட்காரும்.

கிராஸ்ஓவர்ல கெபாசிட்டர் எல்லாம் மாத்தினா பேஸ் கூடுமா?

கிராஸ்ஓவர் என்பது தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் மற்றதை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட். அதை மாற்றினால் பேஸ் பெரும்பாலும் கூடாது. முப்பது வருஷ எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வற்றியிருந்தால் கெடுவது ட்வீட்டரும் மிட்ரேஞ்சும். அவற்றை அதே மைக்ரோஃபாரட் அளவில், நான்-போலார் வகையில் மாற்றினால் குரல் தெளியும். வூஃபர் வழியில் இருப்பது முக்கியமாக இண்டக்டர், கம்பிச் சுருள். அதற்கு வயதே ஆகாது. சில வடிவமைப்புகளில் வூஃபருக்குத் தொடராகவே பெரிய கெபாசிட்டர் இருக்கும். அங்கே மட்டும் மாற்றுவது பேஸைத் தொடும். அந்த வகைப் பெட்டியில் மேலே சொன்ன பேட்டரி சோதனையும் சரிவரத் தெரியாது. கோன் லேசாகத் துள்ளி நின்றுவிடும்.

8 இன்ச் வூஃபரைக் கழட்டிட்டு ஓட்டையைப் பெருசாக்கி 10 இன்ச் போட்டா என்ன அண்ணே?

செய்யாதீர்கள். வூஃபரும் பெட்டியும் போர்ட்டும் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டுச் செய்தவை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் வளர்த்த கணக்கு அது. வூஃபரின் இயல்புச் சுருதி, அதன் துள்ளல் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, எவ்வளவு காற்றைக் கேட்கிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் பெட்டியின் கொள்ளளவு முடிவாகும். பெரிய வூஃபர் சின்னப் பெட்டியில் போனால் 80, 90 ஹெர்ட்ஸில் ஒரே சுருதியில் ‘தொம் தொம்’ என்று அடிக்கும், அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. பழைய காரில் பெரிய வூஃபர் போட்டு ஊரைக் கூட்டுபவர்களின் சத்தம் நினைவிருக்கும்தானே.

வூஃபர் செத்தே போயிருந்தால், அதே மாடலின் உடைந்த ஜோடி எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். பெரிய, வயதான வூஃபர் என்றால் இன்னொரு சின்ன வைத்தியம்: தன் எடையிலேயே கோன் சற்றுக் கீழே தொய்ந்திருக்கும். திருகுகளைக் கழற்றி, வூஃபரைத் தலைகீழாகச் சுற்றி மாட்டினால் நாளடைவில் நடுவுக்கு வரும்.

போன்ல, கம்ப்யூட்டர்ல ஈக்வலைசர் போட்டுச் சரி பண்ணலாமா?

இடம் சரிசெய்த பிறகு தாராளமாக. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பவர்களுக்கு ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ இலவசம், அளந்து காட்டும். விண்டோஸில் ‘ஈக்வலைசர் ஏபிஓ’ இலவசம், திருத்தும். அளக்க யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக் ஒன்று வேண்டும். போன் மைக்கை நம்ப வேண்டாம். பேச்சுக்காகச் செய்த மைக்கில் தாழ்ந்த சுருதிகளைப் பல போன்கள் வேண்டுமென்றே வெட்டிவிடும்.

அளந்த கோட்டில் மேடும் பள்ளமும் தெரியும். மேட்டை மட்டும் குறையுங்கள். 56 ஹெர்ட்ஸ் மேட்டை 8 டெசிபல் குறைத்துவிட்டு மொத்த வால்யூமை ஏற்றினால், அதுவரை மறைந்திருந்த மற்ற பேஸ் எல்லாம் எழுந்து வரும். கேட்டவர்கள் ‘பேஸைக் குறைத்தேன், பேஸ் கூடிவிட்டது’ என்று ஆச்சரியப்படுவார்கள். பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். அங்கே ஒலி தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது; எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவும் அடிபடும், ஆம்ப்தான் சூடாகும்.

பேசாம ஒரு சப்வூஃபர் வாங்கிடவா?

மேலே உள்ளதெல்லாம் பார்த்த பிறகும் ஆழம் போதவில்லை என்றால் வாங்குங்கள். ஒரே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்க கோன் நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். ஆறரை அங்குல வூஃபரால் ஓரளவுக்கு மேல் முடியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய ஸ்டீரியோ ஆம்ப்பில் சப்வூஃபர் பின் இருக்காது. ஸ்பீக்கர் ஒயரை நேரடியாக ஏற்கும் ஹை-லெவல் உள்ளீடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வைக்கும் இடத்துக்கு ஒரு வேடிக்கையான, ஆனால் உண்மையான முறை உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியில் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. கிராஸ்ஓவர் நாப்பை டவர் இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே, 50 முதல் 60 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். ஃபேஸ் ஸ்விட்சை இரு பக்கமும் தட்டி, பேஸ் எதில் கூடுகிறதோ அதில் விடுங்கள். முதலில் பார்த்த ப்ளஸ் மைனஸ் விஷயம்தான் இதுவும்.

எல்லாம் பண்ணிட்டேன். இடது ஸ்பீக்கர்ல மட்டும் பேஸ் கம்மியாவே இருக்கு. ஸ்பீக்கரா, ஆம்ப்பா, ரூமா?

மூன்று மாற்றல்களில் தெரிந்துவிடும். ஆம்ப்பை அணைத்து, ஆம்ப்புக்குப் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றுங்கள். குறை வலப்பக்கம் போனால் ஆம்ப்போ அதற்கு முந்தைய ஒயரோ காரணம். இடப்பக்கமே நின்றால் ஸ்பீக்கர்களை இடம் மாற்றி நிறுத்துங்கள். இப்போது குறை பெட்டியோடு நகர்ந்தால் அந்தப் பெட்டிதான். விரல் அழுத்தும் சோதனை, மல்டிமீட்டர், பேட்டரி என்று மேலே சொன்னபடி பாருங்கள். பெட்டி மாறியும் குறை இடப்பக்கமே நின்றால் மூன்றாவதாக ஸ்பீக்கர் ஒயர்களை மட்டும் பக்கம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அறை. இடப்பக்கம் பால்கனிக் கதவு திறந்திருக்கிறதா, வலப்பக்கம் மட்டும் மூலை இருக்கிறதா? நம் ஹால்களில் ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சமையலறைக்குத் திறந்த வழியும் இருப்பது சாதாரணம். சுவர் இல்லாத பக்கத்து ஸ்பீக்கரைப் பின்சுவருக்கு இன்னும் கிட்டே தள்ளினால் ஓரளவு சமமாகும்.

இப்ப பேஸ் நல்லா வருது. ஆனா மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார். ஏதாவது வழி இருக்கா?

கான்கிரீட் தளமும் தூண்களும் பேஸை மூன்று மாடிக்குக் கடத்தும்; கதவு ஜன்னலை மூடி அதை நிறுத்த முடியாது. ஸ்பைக் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, வாஷிங் மெஷினுக்கு வைக்கும் கனமான ரப்பர் பேட் நாலை அடியில் வையுங்கள். பெட்டியின் அதிர்வு நேராகத் தளத்தில் இறங்குவது குறையும். பொதுச் சுவரை ஒட்டி இருந்தால் எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். ஈக்வலைசரில் அந்த 56 ஹெர்ட்ஸ் மேட்டை இன்னும் 3 டெசிபல் இறக்குங்கள், மேல்வீட்டை உலுக்குவது அநேகமாக அந்த ஒரு சுருதிதான். சப்வூஃபருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எந்தப் பாட்டுக்கு அதிகம் அதிர்கிறது என்று ஒருநாள் மேலே போய் அவர் ஹாலிலேயே நின்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் தெரியாத சுருதி அங்கே பெரிதாகக் கேட்கலாம்.